பழகிப்போவதற்குள் முடியும் கதைகள்

(கோவில்பட்டியில் ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



துர்க்கனவு போன்ற உலகங்களைக் காட்டும் சிறுகதைகள் உண்டு. டிஸ்டோபியக் கதைகள் என்று அவற்றைச் சொல்கிறார்கள். எழுதப்பட்டு ஐம்பது, எழுபது, நூறு வருஷம் ஆனபிறகும் அவற்றை ஏன் விடாமல் படிக்கிறோம் என்பதுதான் இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள். இதை ஏன் இந்த ஊரில் வந்து பேசவேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். இந்த ஊரில்தான் பேசவேண்டும் என்பது என் எண்ணம். போகப்போகக் காரணம் சொல்கிறேன்.

இந்தக் கதைகள் நிலைத்திருப்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், அவை வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டன என்பது. 2020இல் ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் கிடந்தபோது, ஈ. எம். ஃபார்ஸ்டர் 1909இல் எழுதிய ‘இயந்திரம் நிற்கிறது’ என்ற கதையைப் பலரும் தேடிப் படித்தார்கள். அதில் மனிதர்கள் பூமிக்கு அடியில், ஆளுக்கொரு அறையில், தனித்தனியாக வாழ்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் ஒளிரும் தட்டில் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். சாப்பாடு, காற்று, இசை எல்லாம் பொத்தானை அழுத்தினால் வரும். அன்றே சொல்லிவிட்டார் பாருங்கள் என்று வியந்தார்கள்.

என்னால் இதை ஏற்க முடியவில்லை. குறி பலித்ததால்தான் கதை நிற்கிறது என்றால், பலிக்காத குறி சொன்ன கதைகள் செத்திருக்க வேண்டும். ரே பிராட்பரி 1951இல் ‘பாதசாரி’ என்று ஒரு கதை எழுதினார். 2053ஆம் வருஷம். ஊரே தொலைக்காட்சிக்கு முன்னால் அடைந்து கிடக்கிறது. ஒரே ஒரு மனிதர் சாயங்காலம் காலாற நடக்கிறார். ஆளில்லாத போலீஸ் கார் வந்து அவரை நிறுத்துகிறது. என்ன தொழில் என்று கேட்கிறது. எழுத்தாளர் என்கிறார். தொழில் எதுவும் இல்லை என்று கார் பதிந்துகொள்கிறது. அந்தக் குறி நம் ஊரில் பலிக்கவில்லை. சாயங்காலம் ஆனால் நம் தெருக்களில் நடக்க இடம் இருப்பதில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் இன்றும் வலிக்கின்றன.

ஃபார்ஸ்டர் கதையில் என்னை உலுக்குவது அந்த ஒளிரும் தட்டு அல்ல. கதையின் பின்பகுதியில் இயந்திரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிறது. இசையில் கரகரப்பு. குளிக்கிற தண்ணீரில் நாற்றம். முதலில் ஜனங்கள் புகார் சொல்கிறார்கள். சரிசெய்ய ஆள் இல்லை. சில நாளில் அந்தக் கரகரப்பு இசையின் பகுதியாகிவிடுகிறது, அந்த நாற்றம் தண்ணீரின் இயல்பாகிவிடுகிறது. அடுத்த கோளாறு வரும்வரை யாரும் பேசுவதில்லை. இயந்திரம் எப்படி இருக்கும் என்பதை அவர் ஊகித்திருக்கலாம். ஆனால் மனிதன் எதற்கெல்லாம் பழகிக்கொள்வான் என்பதில் அவருக்கு ஊகமே தேவைப்படவில்லை. பார்த்து எழுதியிருக்கிறார்.

எனவே நான் சொல்ல வந்தது இதுதான். இந்தக் கதைகள் நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்வதால் நிலைக்கவில்லை. நாம் ஏற்கெனவே எதற்குப் பழகிப்போயிருக்கிறோம் என்று கேட்பதால் நிலைக்கின்றன. அந்தக் கேள்வியைக் கேட்கச் சிறுகதையைப் போல வேறு வடிவம் கிடையாது. நாவல் படிக்கிறவன் நானூறு பக்கம் அந்தக் கெட்ட உலகத்திலேயே குடியிருக்கிறான். இருநூறாவது பக்கத்தில் அவனுக்கும் அந்த ஊர்க்காரனைப் போலவே அது பழகிவிடுகிறது. கதாநாயகன் தப்பிப்பானா என்ற கவலை வந்துவிடுகிறது. சிறுகதை நம்மைப் பழக விடுவதில்லை. உள்ளே கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, கண் இருட்டுக்குப் பழகுமுன்னே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறது.

ஷெர்லி ஜாக்சனின் ‘லாட்டரி’யை இந்தக் கரிசல் ஊர்களில் ஆட்களைக் கூட்டிவைத்துப் படித்துக்காட்ட வேண்டும் என்று ஓர் ஆசை எனக்கு உண்டு. 1948 ஜூன் 26 தேதியிட்ட ‘நியூயார்க்கர்’ இதழில் வந்த கதை. முந்நூறு பேர் உள்ள ஒரு விவசாயக் கிராமம். ஜூன் மாதம், வெயில் அடிக்கிறது, புல் பச்சையாக இருக்கிறது. மழையையும் உழவையும் டிராக்டரையும் வரியையும் பற்றி ஆண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பையன்கள் கல் பொறுக்கிக் குவிக்கிறார்கள். ஒரு கறுப்புப் பெட்டி வருகிறது, ஒவ்வொரு குடும்பத் தலைவரும் ஒரு சீட்டு எடுக்கிறார். சீட்டு விழுந்த ஆளை ஊரே கல்லெறிந்து கொல்கிறது. அந்த வருஷம் ஒரு பெண்ணுக்கு விழுகிறது. கூட்டத்துக்குத் தாமதமாக வந்து, கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வரமுடியுமா என்று சிரிக்கச் சிரிக்கப் பேசியவள் அவள். அவளோடு பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி இரண்டு கையாலும் தூக்கவேண்டிய கல்லாகப் பார்த்து எடுக்கிறாள். சீட்டு விழுந்தவளுடைய சின்ன மகன் கையிலும் யாரோ நாலு கூழாங்கல்லைக் கொடுக்கிறார்கள்.

அந்தக் கோடைக்காலத்தில் ஜாக்சனுக்கு முந்நூறுக்கு மேல் கடிதங்கள் வந்தன. திட்டியவர்கள் உண்டு, குழம்பியவர்கள் உண்டு. சிலர் கேட்டதுதான் பயங்கரம். இந்த லாட்டரி எந்த ஊரில் நடக்கிறது, நாங்கள் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்கள். பின்னாளில் ஜாக்சன் இதைப் பற்றி ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினார். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்கா அந்தக் கதையைத் தடைசெய்தது. அவர்களாவது கதையைப் புரிந்துகொண்டார்கள் என்பது அவர் எண்ணம்.

அந்தக் கிராமத்தில் யாருக்கும் ஏன் லாட்டரி எடுக்கிறோம் என்று தெரியாது. விளைச்சலோடு அதற்கு ஏதோ சம்பந்தம் என்று ஒரு கிழவருக்கு மட்டும் நினைவு. பக்கத்து ஊர்களில் விட்டுவிட்டார்களாமே என்று ஒருவர் சொல்ல, கிழவர் சீறுகிறார். மானாவாரி வெள்ளாமைக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புரட்டாசி போய் ஐப்பசியும் வறண்டு, விதைத்தது முளைத்து வாடும்போது நம் ஊர்களில் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். ஊரில் யாரோ செய்த பாவம்தான் மழையை நிறுத்தி வைத்திருக்கிறது என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. வைக்கோலில் ஓர் உருவம் செய்து, அதைத் தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து, ஒப்பாரி வைத்து, கடைசியில் கொளுத்துவார்கள். பாவம் ஒரு தலையில் ஏறவேண்டும் என்ற தேவை அமெரிக்கக் கதையிலும் கரிசலிலும் ஒன்றுதான். நம் முன்னோர்கள் மனுஷிக்குப் பதில் வைக்கோலை வைத்தார்கள். யார் எப்போது அந்த மாற்றத்தைச் செய்தார்களோ, அவர்களை நான் கும்பிடுகிறேன். ஜாக்சனின் கதையைப் படித்தபிறகுதான் கொடும்பாவியின் அருமை எனக்கு விளங்கியது. நல்ல கதை நம் ஊரை நமக்கே திருப்பிக் காட்டும் விதம் இது.

தமிழில் இந்த வகைக் கதை உண்டா? எதிர்காலத்தில் நடப்பதாக எழுதியவை குறைவு. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ இருக்கிறது, அது தொடர்கதை. ஆனால் அவருடைய ‘நகரம்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மூனாண்டிப்பட்டியிலிருந்து வள்ளியம்மாள் தன் மகள் பாப்பாத்தியைக் காய்ச்சலோடு மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறாள். பெரிய டாக்டர் பார்க்கிறார், உடனே சேர்க்கச் சொல்கிறார். அதன்பிறகு சீட்டு, வரிசை, ஜன்னல், கையெழுத்து, அறை எண். யாரும் அவளை அடிக்கவில்லை. ஒருவர் அவளை இங்கே போ என்கிறார், இன்னொருவர் அங்கே போ என்கிறார். கடைசியில் நாளைக் காலை வா என்கிறார்கள். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தக் குழந்தை எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். காஃப்கா எழுதிய, ஆளை அலைக்கழிக்கும் நீதிமன்றத்துக்கும் இந்த ஆஸ்பத்திரி வராந்தாவுக்கும் என்ன தூரம்? புதுமைப்பித்தனின் ‘மகாமசான’த்தில் சென்னை நடைபாதையில் ஒரு பிச்சைக்காரன் செத்துக்கொண்டிருக்கிறான், நகரம் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது, நின்று பார்ப்பது ஒரு குழந்தை. எதிர்காலமும் இல்லை, இயந்திரமும் இல்லை. துர்க்கனவு அப்படியே இருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

இங்கிருந்து திருநெல்வேலிச் சாலையில் போனால் இடைசெவல். 1923 செப்டம்பர் 16 அன்று அந்த ஊரில் கி. ராஜநாராயணன் பிறந்தார். ஒரே வாரம் கழித்து, செப்டம்பர் 23 அன்று, அதே ஊரில் கு. அழகிரிசாமி பிறந்தார். தமிழ்ச் சிறுகதையில் இப்படி ஒரு வாரம் வேறு எந்த ஊருக்கும் வாய்க்கவில்லை. பிறகு ஆண்டிபட்டியிலிருந்து பூமணி வந்தார், உருளைகுடியிலிருந்து சோ. தருமன் வந்தார். கோவில்பட்டி டீக்கடைகளில் உலக இலக்கியம் பேசிய ஒரு தலைமுறை வந்தது. ‘கல்குதிரை’ சிற்றிதழ் இங்கிருந்துதான் தஸ்தயேவ்ஸ்கிக்கும் மார்க்வெஸுக்கும் சிறப்பிதழ் போட்டது. அயல்நாட்டுக் கதை இந்த ஊருக்குப் புதிதல்ல.

இங்கே இருப்பது மழையை நம்பிய கறுப்பு மண், கரிசல். ஈரம் பட்டால் காலைப் பிடித்து இழுக்கும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1901இல், பருத்திக்காக இங்கே விவசாய ஆராய்ச்சிப் பண்ணை வைத்தார்கள். மண்ணை ஆராய ஆள் வந்தது. தீர்வை வாங்கவும் ஆள் வந்தது. வானம் பொய்த்த வருஷத்திலும் வந்தது.

கி.ரா.வின் ‘கதவு’ அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 1950களின் இறுதியில் எழுதிய கதை. ஓர் ஏழை வீடு. லட்சுமியும் சீனிவாசனும் அக்கா தம்பி. வீட்டுக் கதவுதான் அவர்களுக்குப் பஸ். ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, திருநெல்வேலிக்கு டிக்கெட் கொடுத்து, முன்னும் பின்னும் ஆட்டுகிறார்கள். தெருவில் கிடைத்த ஒரு தீப்பெட்டிப் படத்தை லட்சுமி அந்தக் கதவில் ஒட்டிவைக்கிறாள். அப்பா மணிமுத்தாற்றுக்குக் கூலிவேலைக்குப் போனவர், அவரிடமிருந்து தகவல் இல்லை. தீர்வை பாக்கி. தலையாரி வந்து கேட்கிறார். அம்மாவிடம் பணமில்லை. இன்னொரு நாள் ஆட்களோடு வந்து கதவைக் கழற்றித் தலைச்சுமையாகத் தூக்கிப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு விஷயம் புரியவில்லை. கதவைத் தூக்கிப்போவதும் அவர்களுக்கு ஒரு வேடிக்கையாக இருக்கிறது. பிறகு வாடைக்காற்று வருகிறது. கதவில்லாத வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. குழந்தை பிழைக்கவில்லை.

இந்தக் கதையில் யார் கெட்டவர்? தலையாரி கெட்டவரில்லை. அவரும் அதே ஊர்க்காரர், அவருக்கும் சங்கடம்தான். எங்கோ ஒரு கச்சேரியில் ஜப்திக்கு உத்தரவு எழுதியவர் இந்த வீட்டைப் பார்த்ததில்லை. கணக்குப்படி ஒரு கதவு ஒரு பாக்கிக்கு ஈடாகிறது. காஃப்காவின் ‘தண்டனைக் குடியிருப்பில்’ குற்றவாளியின் உடம்பில் அவன் மீறிய கட்டளையை ஊசிகளால் எழுதும் இயந்திரம் ஒன்று வருகிறது. அந்த இயந்திரத்துக்கு ஊசிகள் வேண்டியிருந்தன, பல்சக்கரங்கள் வேண்டியிருந்தன. கி.ரா. காட்டும் இயந்திரத்துக்கு ஒரு கணக்கு நோட்டும் தூக்க நாலு ஆளும் போதும். ஒரு நாட்டின் வருவாய் நிர்வாகம் முழுவதும் ஒரு மரக்கதவின் எடையாக அந்த வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. எத்தனை பக்கம் செலவழித்தார் என்று பாருங்கள். ஒரு பஸ் பயணத்துக்குள் படித்துவிடலாம்.

வருவாய் நிர்வாகத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லவேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் சூறையாடியது. லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். மாகாண அரசு நிவாரணத்துக்கு அதிகம் செலவழிக்கிறதோ என்று பார்க்க, வைஸ்ராய் லிட்டன் சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். 1877 தொடக்கத்தில் டெம்பிள் ஓர் உத்தரவு போட்டார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கையில் கொஞ்சம் சில்லறை. ஒரு பவுண்டு என்பது நம் கணக்கில் சுமார் 450 கிராம். ஒரு மனிதன் அதில் உயிர்வாழ முடியுமா என்று பார்க்கலாம் என்பதால் அதைப் பரிசோதனை என்றே சொன்னார்கள். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது கொலை என்கிற அளவுக்கு எதிர்த்து வாதாடினார். சில மாதம் கழித்துக் கூலியைக் கூட்டினார்கள். அதற்குள் சோதனையில் தோற்றவர்கள் செத்துப்போயிருந்தார்கள். இதை ஒரு கதையாசிரியர் கற்பனையாக எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

பஞ்சம் அந்த மூன்று வருஷத்தோடு போய்விடவில்லை. கரிசலுக்கு அது திரும்பத் திரும்ப வந்த விருந்தாளி. அழகிரிசாமியின் ‘திரிபுரம்’ அப்படி ஒரு பஞ்சத்தில் நடக்கிறது. ஒரு தாய், வயதுக்கு வந்த ஒரு மகள். பிச்சை கேட்கக்கூடக் கூச்சப்படும் குடும்பம். ஊரைவிட்டு நடந்து டவுனுக்கு வருகிறார்கள். பசி என்ன செய்யும் என்பதை அழகிரிசாமி நிதானமாக, படிப்படியாகக் காட்டுகிறார். முதலில் வெட்கம் போகிறது. பிறகு தாயின் காவல் தளர்கிறது. கடைசியில் மகளின் உடம்புக்கு விலையாகக் காசு வருகிறது. அப்போது அந்தப் பெண் சிரிக்கிறாள். முப்புரத்தையும் சிரித்தே எரித்த சிவனின் சிரிப்பைத்தான் ஆசிரியர் தலைப்பாக வைத்தார். அந்தச் சிரிப்பில் எரிவது எந்தப் புரம்? படிக்கிற ஒவ்வொருவரும் தன் வீடு எரிவதாக உணரவேண்டும் என்பது அவர் விருப்பமாக இருந்திருக்க வேண்டும். ‘ராஜா வந்திருக்கிறார்’ எழுதிய அதே கை இதையும் எழுதியது. அந்தக் கதையில், தங்களுக்கே இல்லாத வீட்டில் ஓர் அனாதைப் பையனைத் தீபாவளிக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். மனிதர்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்தவரால்தான் ‘திரிபுர’த்தை எழுத முடியும்.

இப்போது உர்சுலா லெ குவினுக்கு வருகிறேன். 1973இல் வெளியான ‘ஓமெலாஸை விட்டுப் போகிறவர்கள்’. உலகத்தில் எத்தனையோ துர்க்கனவுக் கதைகள் இருக்கின்றன. கோவில்பட்டிக்கு மிக அருகில் நடக்கும் கதை எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஓமெலாஸ் ஓர் அழகான கடற்கரை நகரம். திருவிழா நடக்கிறது. ராஜா இல்லை, அடிமை இல்லை, எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். அந்த நகரத்தில் ஒரு கட்டடத்துக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், ஒரு குழந்தை அடைபட்டுக் கிடக்கிறது. அரைவயிற்றுக் கஞ்சி, அழுக்கு, பயம். நகரத்தின் சுகம் அத்தனையும் அந்தக் குழந்தை அங்கே கிடப்பதைப் பொறுத்தது. அதை வெளியே எடுத்துக் குளிப்பாட்டிச் சோறு போட்டால் அந்த நிமிஷமே எல்லாம் போய்விடும். இது நகரத்தில் எல்லோருக்கும் தெரியும். எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகள் போய்ப் பார்க்கிறார்கள், அழுகிறார்கள், கோபப்படுகிறார்கள். பிறகு சமாதானம் ஆகிவிடுகிறார்கள். இனி வெளியே விட்டாலும் அந்தக் குழந்தைக்குச் சந்தோஷம் தெரியாது என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள்.

இந்த அரங்கில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோருக்கும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் நினைவிருக்கும். விடியுமுன், இருட்டிலேயே, ஊர் முனையில் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தில், தூக்குவாளியோடு பிள்ளைகள் ஏறுவார்கள். கட்டை அடுக்க, பெட்டி ஒட்ட, லேபிள் ஒட்ட. இருட்டில் போய் இருட்டில் திரும்புவார்கள். பஸ் போனபிறகு பள்ளிக்கூட மணி அடிக்கும்.

இதை எளிதாகத் திட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழையில்லாத சீமையில், குச்சியும் மருந்தும் சீக்கிரம் காயும் வெயிலில், வேறு பிழைப்பு இல்லாத ஜனங்களுக்கு அது கஞ்சி ஊற்றியது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி மூன்று ஊரும் அதில் எழுந்தன. ஓமெலாஸ் கதையின் கொடுமையே இதுதான், அங்கே கிடைக்கும் நன்மை பொய்யில்லை. இங்கேயும் பொய்யில்லை. வீட்டில் அடுப்பு எரிந்தது. நாடு முழுக்க விளக்கு ஏற்ற, பீடி பற்றவைக்க, சாமிக்குச் சூடம் கொளுத்த ஒரு பெட்டி சில்லறைக் காசுக்குக் கிடைத்தது. அந்த விலை அவ்வளவு குறைவாக இருக்க ஒரு பிள்ளையின் விரல்கள் தேவைப்பட்டன. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெற்றவர்களுக்கு, வாத்தியார்களுக்கு, அதிகாரிகளுக்கு, தீக்குச்சி உரசிய ஒவ்வொருவருக்கும். அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது, கைத்தொழிலாவது வரட்டும் என்று இங்கேயும் சொன்னார்கள். ஓமெலாஸ்வாசிகள் சொன்னதும் அதுதானே.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டித் தயாரிப்பில் 14 வயது நிரம்பாதவர்களை வைக்கக்கூடாது என்றது. அதே சட்டம், குடும்பத்தாரை வைத்து நடத்தும் பட்டறைக்கு விலக்குத் தந்தது. அட்டையும் பசையும் வீட்டுத் திண்ணைக்கு வந்தன. 1996 டிசம்பர் 10 அன்று, எம். சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஓமெலாஸின் அறையில் கிடந்த குழந்தைக்கு ஒரு வழக்கும் இல்லை, நம் பிள்ளைகளுக்கு இருந்தது. சட்டமும், அறிவொளி இயக்கம் போன்ற இயக்கங்களும், சத்துணவும், இயந்திரமயமும் சேர்ந்து மெல்ல மெல்ல அந்தப் பஸ்ஸிலிருந்து பிள்ளைகளை இறக்கின.

பூமணி அந்தப் பஸ்ஸைப் பார்த்தவர். கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்தபடியே ‘வயிறுகள்’, ‘ரீதி’ தொகுப்புகளின் கதைகளை எழுதியவர். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தயாரிப்பில் ‘கருவேலம்பூக்கள்’ என்ற படத்தை அவரே இயக்கினார். நாசரும் ராதிகாவும் பெற்றோர். மழையில்லாத ஊர், பள்ளிக்கூடம் போகவேண்டிய பெண்பிள்ளை, விடியுமுன் வரும் பஸ். பூமணிக்கு லெ குவினைப் போல ஒரு நகரத்தைக் கட்டி எழுப்பவேண்டிய அவசியம் இருக்கவில்லை. கேமராவைச் சரியான நேரத்தில், சரியான ஊர் முனையில் வைத்தால் போதும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். இதெல்லாம் யதார்த்தவாதம் ஐயா, கற்பனை உலகத்தோடு இதை ஏன் சேர்க்கிறீர்கள் என்று. இலக்கிய வகுப்பில் இந்தப் பிரிவினை சரி. வாசகனுக்கு அது உதவாது. வசதியான நாட்டில் இருக்கும் எழுத்தாளர் தன் வாசகனை உலுக்க ஒரு கற்பனை நகரத்தை உண்டாக்குகிறார், ஏனென்றால் அவனுடைய சொந்த நகரத்தின் அடித்தளம் அவன் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், சில சமயம் வேறு கண்டத்தில் இருக்கிறது. கரிசல்காட்டுக்காரனுக்கு அவன் வீட்டுத் திண்ணைதான் அந்த அடித்தளம். அவன் கற்பனையை வேறு ஒன்றுக்குச் செலவிடுகிறான். கதவைப் பஸ் ஆக்குகிறான். பசித்தவளின் சிரிப்பைச் சிவனின் சிரிப்பாக்குகிறான். ஃபார்ஸ்டரும் ஜாக்சனும் கி.ரா.வும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். பழகியதன் மேல் படிந்த தூசியைத் துடைக்கிறார்கள். அதற்கு ஒருவர் கற்பனையான எதிர்காலத்தை எடுத்துக்கொள்கிறார், இன்னொருவர் ஐந்து வயதுப் பிள்ளையின் கண்ணை எடுத்துக்கொள்கிறார். எனக்கு இரண்டாவதுதான் கடினமான வேலையாகத் தெரிகிறது. எதிர்காலத்தில் எல்லாமே விநோதமாகத்தான் இருக்கும். நேற்றுப் பார்த்த தலையாரியை இன்று விநோதமாகக் காட்ட அசாத்தியமான திறமை வேண்டும்.

ஓமெலாஸ் கதையின் முடிவு பலரையும் சண்டைக்கு இழுத்திருக்கிறது. அந்தக் குழந்தையைப் பார்த்தபின் சிலர் வீடு திரும்புவதில்லை. தனியாக நகரத்தை விட்டு நடந்து போய்விடுகிறார்கள். எங்கே போகிறார்கள் என்று தெரியாது. போய்விட்டால் குழந்தைக்கு என்ன லாபம் என்ற கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை கேட்கப்படுகிறது. அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் என். கே. ஜெமிசின், ‘தங்கிப் போராடுகிறவர்கள்’ என்று தலைப்பிட்டே 2018இல் ஒரு பதில் கதை எழுதினார்.

கரிசல் இந்தச் சண்டையில் மூன்றாவதாக ஒன்று சொல்கிறது. இங்கிருந்து போனவர்கள் எங்கே போனார்கள் என்று நமக்கு நன்றாகத் தெரியும். ‘கதவு’ கதையின் அப்பா மணிமுத்தாற்றில் கூலிவேலைக்குப் போனார். அழகிரிசாமி சென்னைக்குப் போனார், அங்கிருந்து மலேயாவுக்குப் போனார். நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போனார்கள். மனசாட்சி உறுத்தி யாரும் போகவில்லை, மழை இல்லாமல் போனார்கள். போன இடத்திலும் அடியில் ஓர் அறை இருந்தது. மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி, தென்மாவட்டத்து வறண்ட ஊர்களிலிருந்து பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். சுமங்கலித் திட்டம் என்று அதற்கு மங்கலமான பெயர். விடுதி வாசலைத் தாண்ட அனுமதி வேண்டும், போன் பேச நேரம் உண்டு, உடம்பு முடியாமல் நடுவில் திரும்பினால் அந்த மொத்தப் பணம் சந்தேகம்தான். தாலிக்குப் பொன் சேர்க்கப் போன பிள்ளைகள் பஞ்சுத்தூசியை நெஞ்சில் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸுக்குப் பழகியதைப் போலவே ஊர் இதற்கும் பழகியது.

‘கதவு’ எங்கே முடிகிறது என்று சொல்லிவிட்டு உட்காருகிறேன். குழந்தை போனபிறகு, ஒருநாள் சீனிவாசன் அந்தக் கதவைக் கண்டுபிடித்துவிடுகிறான். சாவடிக்குப் பின்னால், கேட்பாரில்லாமல், கரையான் ஏறிக் கிடக்கிறது. தீர்வைக்கு ஈடாக எடுத்துப்போன சாமான், சர்க்காருக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. ஓடிவந்து அக்காவிடம் சொல்கிறான். இருவரும் போய்க் கரையானைத் தட்டிவிட்டு, அதைத் தடவி, அழுது, கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான், கி.ரா. நிறுத்திவிடுகிறார். சட்டப்படி அந்தக் கதவு இன்னும் அவர்களுடையது அல்ல. தூக்கி வீட்டுக்குக் கொண்டுவரும் பலம் அவர்களுக்கு இல்லை. ஓமெலாஸ்காரர்களுக்கு இரண்டு வழி இருந்தது, இருப்பது அல்லது போவது. இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டும் இல்லை, தங்களுடையதைத் தங்களுடையது என்று கையால் பிடித்துக்கொள்வது மட்டும் இருந்தது. விவசாயிகள் போராட்டத்தில் சிறைக்குப் போய் வந்த ஒருவர் எழுதிய முடிவு அது.

பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலருடைய அக்காக்கள், சித்திகள் அந்த விடுதிகளில் இருந்து வந்தவர்கள். அவர்களிடம் கேளுங்கள். எத்தனை மணிக்கு எழுப்பினார்கள், ஷிப்ட் மாறும்போது எங்கே தூங்கினார்கள், வீட்டிலிருந்து வந்த பலகாரப் பொட்டலத்தை வாசலில் யார் பிரித்துப் பார்த்தார்கள், முதல் மாதம் எதற்கு அழுதார்கள், ஆறாவது மாதம் எதற்கு அழுவதை நிறுத்தினார்கள். கேட்டதை எட்டுப் பக்கத்துக்குள் எழுதுங்கள். எதிர்காலத்தில் வைத்து எழுதினாலும் சரி, போன தீபாவளியில் வைத்து எழுதினாலும் சரி. எழுதிக் கொண்டுவந்தால் படிக்க நான் காத்திருக்கிறேன்.